மூன்றாம் எண் கறுப்பு கார்: டேல் எர்ன்ஹார்ட் கேள்வி பதில்

ஸ்டாக் கார் பந்தயம் (சாலைக் காரின் உருவத்தில் செய்த பந்தயக் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயம்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதிக்கு மேல் 2001 பிப்ரவரி 18 பற்றித்தான்: ஃபுளோரிடாவின் டேடோனா 500 பந்தயம், கடைசிச் சுற்று, மூன்றாம் எண் கறுப்பு கார் ஓட்டிய டேல் எர்ன்ஹார்ட் இறந்த விபத்து. சரி, அதையே பேசுவோம். பிரேதப் பரிசோதனைப் படங்கள் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சோழவரம்வாசி: அண்ணா, ஒரு டிரைவர் செத்ததுக்கு ஊரே ஏன் அப்படி அழுதுச்சு? நம்ம பக்கம் இவர் பேரே யாருக்கும் தெரியாதே.

பிரேசிலுக்கு ஃபார்முலா ஒன் டிரைவர் செனா எப்படியோ, அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு இவர் அப்படி. சொந்த ஊர் வடக்கு கரோலினாவின் கன்னாபொலிஸ், பஞ்சாலை ஊர். அப்பா ரால்ஃபும் பந்தயம் ஓட்டியவர்தான். மகன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு காரில் ஏறினார். ஷிஃப்ட் முடிந்து வந்து ரேடியோ கேட்கிற மில் தொழிலாளிக்கு, தன் தெருப் பையன் ஜெயித்த மாதிரி இருந்தது. நாஸ்கார் என்கிற ஸ்டாக் கார் பந்தய அமைப்பின் முதல்நிலைத் தொடரில் ஏழு முறை சாம்பியன், 76 வெற்றி. ஏழு பட்டம் அதற்கு முன் ரிச்சர்ட் பெட்டிக்கு மட்டும்தான்.

ஆனால் டேடோனா 500 மட்டும் இவருக்கு வாய்க்கவே இல்லை. இருபதாவது முயற்சியில், 1998இல்தான் கிடைத்தது. பந்தயத்துக்கு முன் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி ஒரு சென்ட் காசைக் கையில் கொடுத்தாள். அதை டாஷ்போர்டில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். ஜெயித்து வந்தபோது எதிரணி மெக்கானிக்குகள் எல்லாம் பிட் பாதையில் வரிசையாக நின்று கை நீட்டினார்கள். போட்டியாளர்களே அப்படி நின்றதை டிவியில் பார்த்த ரசிகனுக்கு, மூன்றே வருடத்தில் அதே தடத்தில் அந்தச் செய்தி.

மூர்ஸ்வில்லில் அவர் நிறுவன வாசலில் பூவும் தொப்பியும் குவிந்தன. அந்த சீசன் முழுக்க, பந்தயத்தின் மூன்றாம் சுற்றில் கூட்டம் எழுந்து நின்று மூன்று விரலை உயர்த்தும்.

வேகத்தடை: மார்லின்தானே இடிச்சுக் கொன்னது?

இல்லை. கடைசித் திருப்பத்தை நெருங்கும்போது ஸ்டெர்லிங் மார்லின் காரோடு லேசான உரசல். எர்ன்ஹார்ட் கார் கீழே சமதளத்துக்கு இறங்கி, வெடுக்கென்று மேலே ஏறி, கென் ஷ்ரேடர் காரோடு சேர்ந்து கான்கிரீட் சுவரில் மோதியது. வேகம் மணிக்குச் சுமார் 255 கிலோமீட்டர். பார்க்கச் சாதாரண மோதல். இதைவிடக் கோரமானதிலிருந்தெல்லாம் எழுந்து வந்தவர் அவர். 1997இல் இதே டேடோனாவில் கார் உருண்டது. ஆம்புலன்ஸ் வரை போனவர், சக்கரம் நாலும் இருக்கிறதே என்று திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் அன்றைக்கு முதலில் யாரும் பதறவில்லை. ஷ்ரேடர் மட்டும் இறங்கிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் மருத்துவக் குழுவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

மார்லினுக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள், அதுவும் துக்கத்தின் பெயரால். இறந்தவரின் மகன் டேல் ஜூனியரே பகிரங்கமாக, அவர்மேல் தப்பில்லை என்று சொல்லவேண்டி வந்தது.

மெக்கானிக் மாமா: சீட் பெல்ட் அறுந்துதான் செத்தாராமே?

இடுப்பின் இடது பெல்ட் பிரிந்திருந்தது உண்மை. 2001 ஆகஸ்டில் வந்த அறிக்கை அதை ஒரு காரணியாகச் சேர்த்தது, ஒரே காரணமாக அல்ல. உயிரைப் பறித்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. கார் சட்டென நிற்கும், உடம்பை வார்ப்பட்டை பிடிக்கும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் ஆடம் பெட்டி இறந்தார், வயது 19. ஜூலையில் கென்னி இர்வின், அதே தடம், அதே திருப்பம். அக்டோபரில் டெக்சாஸில் டோனி ரோப்பர். ஒன்பது மாதத்தில் நாலாவது ஆள் எர்ன்ஹார்ட். நாலு பேருமே தலை, கழுத்து அடியால் போனவர்கள். தலையைத் தோளோடு கட்டிப்பிடிக்கும் ஹான்ஸ் கருவி எண்பதுகளிலேயே வந்துவிட்டது. நாஸ்கார் கட்டாயமாக்கவில்லை. எர்ன்ஹார்டுக்கும் பிடிக்காது, முகம் திறந்த ஹெல்மெட்டையே கடைசிவரை போட்டார். 2001 அக்டோபரில்தான் கட்டாயம். 2002இல் இண்டியானாபொலிஸில் அதிர்ச்சி தாங்கும் சுவர் வந்தது. அதற்குப் பிறகு அந்த முதல்நிலைத் தொடரின் பந்தயத்தில் ஒரு டிரைவரும் சாகவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் போனபோதே செய்திருக்கலாம். செய்யவில்லை.

24ஆம் எண் பக்தன்: அடுத்தவனை இடிச்சுத் தள்ளி ஜெயிச்ச ஆளுக்கு இவ்ளோ பூமாலையா?

மூணாம் நம்பர்: 24ஆம் எண் கார் ஓட்டுற ஜெஃப் கார்டன் ஆளுங்களுக்கு வேற என்ன தெரியும். அது பேரு ரேஸ், பரதநாட்டியம் இல்ல.

24ஆம் எண் பக்தன்: பிரிஸ்டல் 1999 ஞாபகம் இருக்கா?

இருக்கிறது. கடைசிச் சுற்றில் டெர்ரி லபான்டேயைப் பின்னாலிருந்து தட்டிச் சுழலவிட்டு ஜெயித்தார், மொத்தக் கூட்டமும் கூச்சலிட்டது. அப்படிச் சத்தம் போட்டவர்களிலும் பலர் பிறகு அழுதிருப்பார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் ஞாயிறு தவறாமல் வருவார் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். இடித்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். செத்தபின் அவரைச் சாதுவாக்குவதும் அவருக்கே பிடித்திருக்காது.

மூணாம் நம்பர்: மகன் ஜெயிக்கணும்னு பின்னால வந்தவங்களைத் தடுத்து உயிரைக் கொடுத்தாரே, அதைச் சொல்லுங்க!

சினிமா எடுக்காதீர்கள். முன்னால் போன மைக்கேல் வால்ட்ரிப்பும் டேல் ஜூனியரும் ஓட்டியவை அவருடைய நிறுவனத்தின் கார்கள். இவர் ஓட்டியது ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணிக்கு. பின்னால் வந்தவர்களை மறித்தார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாம் இடத்துக்காகவும் ஒருவர் அப்படித்தான் ஓட்டுவார். அன்று ஜெயித்தது வால்ட்ரிப், 463ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி. முதலாளி வந்து கட்டிப்பிடிப்பார் என்று வெற்றி மேடையில் காத்திருந்தவரிடம் ஷ்ரேடர்தான் போய் விஷயத்தைச் சொன்னார். அழ வேண்டுமென்றால் அதற்கு அழுங்கள்.

நீங்கள் இருவரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்கள்.

பெட்ரோல் பங்க்: மூணாம் எண் என்ன ஆச்சு?

சில்ட்ரெஸ் அந்த எண்ணை ஓட்டாமல் எடுத்து வைத்துவிட்டார். காருக்கு வெள்ளை நிறம், 29ஆம் எண், டிரைவர் கெவின் ஹார்விக். மூன்றே வாரத்தில், அட்லாண்டாவில், கார்டனை 0.006 நொடியில் முந்தி ஜெயித்தார். ஜன்னலுக்கு வெளியே மூன்று விரல். 2014இல் சில்ட்ரெஸின் பேரன் ஆஸ்டின் டில்லன் அந்த எண்ணைத் திரும்ப எடுத்தார். 2018 டேடோனா 500 அவருக்கு.

கரூர் எக்ஸ்பிரஸ்: சார், மார்லின் இடிச்சதாலதானே...

மேலே இருக்கிறது. படியுங்கள்.

பெயர் வேண்டாம்: அந்தப் படங்கள் எங்கே கிடைக்கும்?

முதலிலேயே சொன்னேன். அவர் மனைவி நீதிமன்றம் போய், 2001 மார்ச்சில் ஃபுளோரிடா சட்டமே போட்டு மூடிய விஷயம். "விபத்து காரின் துண்டு" என்று யாராவது விற்றாலும் காசு கட்டிவிடாதீர்கள்.

கோவை வேகம்: நம்ம ஆள் யாராவது நாஸ்கார் ஓட்டியிருக்காங்களா?

உங்க ஊர் நரேன் கார்த்திகேயன். 2010, டிரக் தொடர், மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13ஆம் இடம். ரசிகர் ஓட்டில் அந்த வருடம் அந்தத் தொடரின் அபிமான டிரைவரும் அவரே. ஓட்டு எங்கிருந்து குவிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சோழவரம்வாசி: எந்தப் பந்தயத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கட்டும் அண்ணா?

2000 அக்டோபர், டலடேகா தடத்தில் நடந்த பந்தயம். ஐந்து சுற்று மிச்சமிருக்கும்போது பதினெட்டாம் இடத்தில் இருப்பார். அவரே ஜெயிப்பார் என்று தெரிந்துதான் பார்க்கப் போகிறீர்கள், ஆனாலும் எந்த வழியாக முன்னே வந்தார் என்பது இரண்டாவது தடவை பார்த்தால்தான் பிடிபடும். அதுதான் 76ஆவது வெற்றி.