வீட்டில் போட்ட வைனும் காலையில் நடுங்கும் கையும்

வீட்டில் போடும் வைனில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் சேர்ந்து கண் போய்விடுமோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மெதனோலால் உங்கள் கண் போகாது. பயப்படவேண்டிய விஷயம் வேறொன்று, அதுவும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வயிற்றுப் பொருமலுக்கும் போத்தலின் அடியில் தங்கும் மண்டிக்கும் நடுவில் ஒரே வரியாக எழுதிவிட்டுத் தாண்டிப்போயிருக்கிறீர்கள்: "காலையில் கை கொஞ்சம் நடுங்கும், வைனை ருசி பார்த்ததும் நின்றுவிடும்."

மெதனோலை முதலில் முடித்துவிடுகிறேன். பழத்திலுள்ள பெக்டினிலிருந்து கொஞ்சம் மெதனோல் உண்டாவது உண்மை. கடையில் விற்கும் வைனிலும் அது இருக்கிறது. சிவப்பு வைனில் லீற்றருக்கு 400 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது சர்வதேச வரம்பு. கண்ணைக் கெடுக்க ஏறக்குறைய 10 மில்லிலீற்றர் தூய மெதனோல் வேண்டும். அந்த வரம்பில் உள்ள வைனில் அவ்வளவு சேர, 20 லீற்றரை ஒரே அமர்வில் குடித்தாகவேண்டும். நீங்கள் இரவு முழுக்கப் பார்த்த வீடியோக்களில் வரும் சாவுகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் வந்தவை. முந்திரிகைப் பழத்தையும் நாவற்பழத்தையும் ஈஸ்ட் போட்டு ஊறவைத்ததால் வந்தவை அல்ல. அந்த வீடியோக்களை இனிப் பார்க்காதீர்கள். மச்சான் சொன்னதுபோல வைனைக் காய்ச்சி வடிக்கிற வேலையும் வேண்டாம். வடிசாராயமோ கசிப்போ யார் குடித்திருந்தாலும், அரை நாளோ ஒரு நாளோ கழித்துப் பார்வை மூடுபனிபோல மங்கினால் அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மேலே படரும் மெல்லிய வெள்ளைப் படலம் ஒருவகை ஈஸ்ட்தான், ஆளைக் கொல்லாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூசணம் பிடித்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். நுரைப்பு அடங்கும் முன் குடிப்பதால்தான் வயிறு பொருமுகிறது. நுரைப்பு அடங்காததைக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடாதீர்கள். வாயு சேர்ந்து போத்தல் வெடித்தால் கண்ணுக்கு உண்மையான ஆபத்து அதுதான். வயலுக்கு மருந்தடித்த கேனை எத்தனை தரம் கழுவியிருந்தாலும் அதில் ஊறப்போடவே வேண்டாம்.

இனி உங்கள் கைக்கு வருவோம்.

சீனி குறைந்துவிட்டதோ என்று குளுக்கோமீட்டரில் பார்த்திருக்கிறீர்கள், 112 இருந்திருக்கிறது. அப்படியானால் நடுக்கத்துக்குக் காரணம் சீனி குறைந்தது இல்லை. இரவில் உடம்பிலிருந்த மதுசாரம் விடியும்போது இறங்குகிறது. அது தினமும் அமுக்கிவைத்ததற்கு ஈடாக உங்கள் மூளை தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. அமுக்குவது இறங்கியதும் அந்த முறுக்கு கையில் நடுக்கமாகவும் வியர்வையாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் தெரிகிறது. இரண்டு மிடறு உள்ளே போனதும் நின்றுவிடுவதும் அதனால்தான். இதற்குப் பெயர் மதுவில் தங்கியிருக்கும் நிலை, அதாவது மது இல்லாமல் உடம்பு சமாளிக்க முடியாத நிலை. சாராயம் தொடாதவருக்கும், வீட்டில் அழகாக வைன் போடுகிறவருக்கும் இது வரும்.

"ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான், அதுவும் வைன்தானே" என்கிறீர்கள். உங்கள் கொப்பியிலுள்ள கணக்கையே எடுப்போம். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.090, முடிவில் 0.998. அதாவது 12 சதவீத மதுசாரம். 750 மில்லிலீற்றர் போத்தலில் அது கிட்டத்தட்ட 70 கிராம். ஒரு போத்தல் சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் தினமும் குடிக்கிறீர்கள். ருசி பார்க்கிற கிளாஸும், மெல்பர்னிலிருந்து தம்பி அனுப்பிய மோல்ட்டில் போட்ட பியரும் இதில் சேரவில்லை. கடையில் வாங்குகிறவருக்குக் காசாவது கணக்குச் சொல்லும். உங்களுக்குக் குசினி மூலையில் எப்போதும் ஒரு பானை தயாராக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கலங்கவைத்தது கடைசிப் பந்தி. சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாளும் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறீர்கள். போன வருடமும் அப்படி நிறுத்தி, இரண்டாம் இரவு நித்திரையில்லாமல் வியர்த்து, சுவரில் பூச்சி ஊருவதுபோலக் கண்டு, அதை "நோன்புக் களைப்பு" என்று நினைத்திருக்கிறீர்கள். அது நோன்புக் களைப்பு அல்ல. மது திடீரென்று நின்றதற்கு மூளை காட்டிய எதிர்ப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சலும் பிதற்றலுமாக ஆள் அடையாளம் தெரியாத நிலை வரலாம், அதில் உயிரும் போகலாம். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்தமுறை இன்னும் கடுமையாக வரக்கூடும். உங்கள் நேர்த்தி நல்லது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. வீட்டில் தனியாக, ஒரே நாளில் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நடுக்கத்துக்கென்று நண்பர் கொடுத்த புரோப்ரனோலோல் என்ற, நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் குளிசையை இன்றோடு விடுங்கள். அது கை நடுக்கத்தை மறைக்கும், நாடித் துடிப்பை மறைக்கும், வலிப்பைத் தடுக்காது. ஆபத்து வருவதை எங்களுக்குக் காட்டுகிற அடையாளத்தையே அழித்துவிட்டு உங்களுக்கு என்ன லாபம்? ஒருவருக்கு எழுதிக்கொடுத்த குளிசையை இன்னொருவர் விழுங்குவது எப்போதுதான் நிற்குமோ தெரியவில்லை. தலையிடி வராமலிருக்கப் படுக்கும் முன் போடுகிற இரண்டு பனடோலும் வேண்டாம், தினமும் குடிக்கிற ஈரலுக்கு அது கூடுதல் சுமை. பலவீனத்துக்கு என்று தனியார் கிளினிக்கில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றவும் போகாதீர்கள். உங்களுக்கு முதலில் தேவை தைமின் என்ற வைட்டமின் பி1 ஊசி. அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம்.

சாம்பல் புதனுக்கு முன்னரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற பெயரைப் பார்த்துக் கூச்சப்படாதீர்கள், இந்த வருத்தத்தை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மூளையின் முறுக்கைத் தணிக்கும் டயசெபாம் போன்ற குளிசையைக் கணக்காகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, பாதுகாப்பாக நிறுத்திவிடுவார்கள். போன வருடம் உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் விடுதியில் தங்கச் சொல்லவே வாய்ப்பு அதிகம். சொன்னால் தங்குங்கள். அவர்களைப் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அதற்கிடையில் வலிப்பு வந்தாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ, பேச்சுக் குழம்பினாலோ 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை வீட்டார் அழைக்கவேண்டும். அது இலவசம். வலிப்பின்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும்.

போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன வருடம் அந்த இரண்டாம் இரவில் நீங்கள் என்ன பேசினீர்கள், எத்தனை மணிக்குத் தெளிந்தீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.