தீவுக் குடிலில் தங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

கேள்வி: ஒரு சின்னத் தீவில், ஓலை வேய்ந்த குடில்கள் உள்ள ஈகோ லாட்ஜில் (இயற்கையைக் கெடுக்காமல் நடத்தும் விடுதி) ஐந்து நாள் தங்கலாம் என்று நானும் கணவரும் நினைத்திருக்கிறோம். ஏசி கிடையாது, மின்சாரம் சோலார் மட்டும், கழிப்பறை தண்ணீர் ஊற்றாத வகை என்று எழுதியிருக்கிறார்கள். இருவருமே நகரத்தில் வளர்ந்தவர்கள். சமாளிக்க முடியுமா? பணம் கட்டுவதற்கு முன் என்ன விசாரிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். ஏசி இல்லையே என்ற கவலையை ஓரமாக வைத்துவிட்டு, அவர்களிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவும் குப்பையும் எங்கே போகின்றன? சுற்றி வளைக்காமல் பதில் சொன்னால் நம்பிப் போகலாம். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். இதைக் கேட்காமல் நான் ஒருமுறை போய் மாட்டிக்கொண்டேன். பேரில் மட்டும்தான் ஈகோ. இரவெல்லாம் குடிலுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஓடியது, காலையில் சமையலறைப் பக்கம் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினார்கள், அந்தப் புகையிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

தண்ணீரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மணலும் பவளமுமாக உள்ள சின்னத் தீவில் ஆறு, ஏரி எதுவும் இருக்காது. பெய்த மழை மண்ணில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு லென்ஸ் போல மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் கடல் நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால்தான் அது மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: மோட்டார் போட்டு அதிகமாக உறிஞ்சி மேல்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே, அடியிலிருந்து உப்பு நீர் அதைப் போலப் பல மடங்கு ஏறி வந்துவிடும். கிணறு ஒருமுறை உப்புக் கரிக்க ஆரம்பித்தால் மறுபடி தேறுவதற்கு நல்ல மழையும் நிறைய காலமும் வேண்டும். அதனால் மழைநீர்த் தொட்டி வைத்திருக்கும் லாட்ஜுக்கு என் மனதில் தனி மரியாதை. அங்கே ஒரு வாளி, ஒரு குவளையோடு குளிப்பதை முதல் நாள் கஷ்டமாக நினைப்பீர்கள், மூன்றாம் நாள் பாதி வாளியே போதும் என்று ஆகிவிடும்.

அப்புறம் அந்தக் கழிப்பறை. நான் பயன்படுத்தியதில் ஒரு மூலையில் மரத்தூள் நிரம்பிய மண்பானை, அதன்மேல் கவிழ்த்து வைத்த சிரட்டை. போய் முடித்ததும் இரண்டு சிரட்டை மரத்தூள் போட்டு மூடியை மூட வேண்டும், அவ்வளவுதான். ஈரம் தேங்கி, உள்ளே காற்றுப் போகாதபோதுதான் நாற்றம் வரும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கும் வழி விடுவதால் சரியாகப் பராமரித்தால் மண் வாசனைதான் அடிக்கும். கழிவு நிலத்தடி நீரிலும் கடலிலும் கலக்காமல் மட்கி உரமாவது இதனால்தான்.

மின்சாரம்: போன் சார்ஜருக்கு 10, 20 வாட் போதும், ஹேர் டிரையரோ மின்கெட்டிலோ 1,500 வாட் வரை இழுக்கும். அதனால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெயில் இருக்கும்போதே போனை சார்ஜ் போட்டுவிட்டால் இரவு பேட்டரிக்குப் பாரம் இல்லை. வெப்பமண்டலத்தில் பொழுது சாய்ந்ததும் சட்டென்று இருட்டிவிடும், ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். சிவப்பு ஒளி உள்ளதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஆமை முட்டையிடும் கரையில் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும், வெள்ளை விளக்கைப் பார்த்தால் கடலை விட்டுக் குடிலை நோக்கி வந்துவிடும்.

கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, அதற்கு வலை உதவாது. டீட் அல்லது பிக்காரிடின் என்ற மருந்து உள்ள கொசுவிரட்டிக் களிம்பு பூசிக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனில் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று 2020-இல் பசிபிக் தீவு நாடான பலாவும் 2021-இல் ஹவாயும் அதற்குத் தடை கொண்டுவந்தன. முழுக்கைச் சட்டையோடு நீந்தினால் சன்ஸ்கிரீனும் பாதி மிச்சம்.

கேள்வி: திரும்பும் நாளில் படகு ஓடாவிட்டால்?

பதில்: நடக்கக்கூடியதுதான். காற்று எழுந்தால் சின்னப் படகை எடுக்கமாட்டார்கள், எடுக்கச் சொல்லி நச்சரிக்கவும் கூடாது. விமானத்துக்கு முன் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள், தினசரி மாத்திரையை மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் காலிச் சங்குகளைக் குழந்தைகள் பொறுக்கி வரலாமா?

பதில்: வேண்டாம். துறவி நண்டுக்கு வீடே அதுதான், வளர வளரப் பெரிய சங்குக்கு மாறியாக வேண்டும். நல்ல காலிச் சங்கு ஒன்று கிடந்தால் நண்டுகள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை கட்டி நிற்பதுண்டு. பெரியது புதுச் சங்குக்குள் நுழைந்ததும் அது விட்ட சங்குக்குள் அடுத்தது, அது விட்டதற்குள் அதற்கடுத்தது என்று எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு சங்கை மணலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்காரச் சொல்லுங்கள்.