"சத்தமே கேட்கலை" என்று காரைத் திருப்பித் தருகிறார்களா?

வாரண்டி காலத்திலேயே தீராத கார் சத்தங்களைப் பற்றி பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த வேலையில் பழுத்த மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணே, கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வேகத்தடை மேடு ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடது பக்கத்தில் 'டக்' என்கிறது. மூன்று தடவை சர்விஸ் சென்டருக்குப் போயாச்சு. "நார்மல்" என்கிறார்கள். (ஜெலுத்தோங்)

உங்கள் ஜாப் ஷீட்டை (சர்விஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) எடுத்துப் பாருங்கள் தம்பி. "முன்பக்கம் சத்தம்" என்று ஒரே வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு மெக்கானிக் காரை நல்ல ரோட்டில் ஐந்து நிமிடம் ஓட்டுவார், ஒன்றும் கேட்காது, கதை முடிந்தது. என்ன சத்தம் என்பதைவிட எப்போது வரும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அடுத்த முறை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "மணிக்கு 15 கிலோமீட்டர், இடது முன் சக்கரம் மேட்டிலிருந்து இறங்கும்போது, ஒரே ஒரு 'டக்', கார் 20 நிமிடம் ஓடிய பிறகு." எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஃபோர்மனை (மெக்கானிக்குகளின் மேற்பார்வையாளர்) பக்கத்தில் உட்கார வைத்து, நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்.

போவதற்கு முன் ஒரு சோதனை. ஒரே மேட்டில் முதலில் இரண்டு முன் சக்கரங்களும் சேர்ந்து ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாகப் போங்கள். நேராகப் போனால் சத்தம் இல்லை, ஒரு பக்கம் ஏறினால் மட்டும் வருகிறது என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான் முதல் சந்தேகம் (கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு அது). இரண்டு சக்கரமும் சமமாக எழும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளாது, லிங்க்கில் பாரமே ஏறாது. இரண்டு விதத்திலும் வந்தால் அப்சார்பர் (அதிர்வை அடக்கும் குழாய்), அதன் மேல் மவுண்ட் (அதை உடலோடு பிடிக்கும் பகுதி), லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) என்று தேட வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் மவுண்ட் பேரிங்.

பல இடங்களில் தவறுவது இங்கேதான்: காரை லிஃப்டில் தூக்கிவிட்டு லிங்க்கை ஆட்டிப் பார்க்கிறார்கள். சக்கரம் தொங்கும்போது தளர்ச்சி கைக்குத் தெரியாமல் போகலாம். சக்கரம் தரையிலோ, ஓட்டி ஏற்றும் வகை லிஃப்டிலோ இருக்கும்போது ஒருவர் காரை ஆட்ட, இன்னொருவர் லிங்க்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். லோவர் ஆர்ம் புஷ் மாற்றினால் போல்ட்டின் கடைசி இறுக்கமும் கார் தன் பாரத்தில் நிற்கும்போதுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும், அதே சத்தத்தோடு திரும்பி வருவீர்கள். காரைத் திரும்ப வாங்கியதும் வீட்டுக்குப் போகாமல், ஃபோர்மனோடு முதலில் அதே மாதிரி மேட்டில் ஏறிப் பாருங்கள்.

பினாங்குப் பாலத்தில் 80-இல் போகும்போது 'ஊம்ம்' என்று இரைச்சல். டயர் என்கிறார்கள், எனக்கு பேரிங் (சக்கரம் சுழலத் தாங்கும் பாகம்) என்று தோன்றுகிறது. (பாயான் பாரு)

பாலத்தின் இணைப்புகளில் வரும் 'டொக் டொக்' கணக்கில் சேராது, அது எல்லாக் காருக்கும் உண்டு. தொடர்ந்து வரும் இரைச்சலை மட்டும் கவனியுங்கள். தார் மாறும்போது சத்தமும் மாறினால் டயர். தார் எதுவானாலும் அதே குரல், வேகத்தோடு சுருதி ஏறுகிறது என்றால் பேரிங். காலியான அகலமான ரோட்டில் (பாலத்தில் வேண்டவே வேண்டாம்) மெதுவாக இடது பக்கம் வளையுங்கள். அப்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். சத்தம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது.

சர்விஸ் சென்டரில் இரண்டு வேலை கேளுங்கள். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர்தான், வாதமே வேண்டாம். மாறவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்கி, சுருள் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றச் சொல்லுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: குழியில் அடித்து ரிம் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) வளைந்திருந்தால், பேரிங் கோரிக்கையை "வெளி அடி" என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். பொதுவாக டயருக்கு உத்தரவாதம் தருவது டயர் நிறுவனம், கார் நிறுவனம் அல்ல.

மத்தியான வெயிலில் மட்டும் டாஷ்போர்டில் லொடலொடவென்று சத்தம். காலையில் காரைக் கொண்டு போனால் ஒன்றுமே இல்லை! (பட்டர்வொர்த்)

காலை அப்பாயின்ட்மென்டை மாற்றுங்கள் அக்கா. பிற்பகல் 2 மணிக்குக் கேளுங்கள், அதற்கு முன் காரை ஒரு மணி நேரம் வெயிலிலேயே விடுங்கள். பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து கிளிப்பின் பிடி தளரும். ஏர்கோன் குளிர்ந்ததும் மறுபடி இறுகி, மெக்கானிக் உட்காரும் நேரத்தில் நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் சோதனையின்போது ஏர்கோன் போட வேண்டாம்.

அதற்கு முன் வீட்டு வேலை ஒன்று: கையுறைப் பெட்டியில் இருப்பவை, மூக்குக் கண்ணாடிப் பெட்டி, சில்லறைக் காசு, டச் அண்ட் கோ டோல் அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும்தான், கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகும் சத்தம் இருந்தால், வேறொருவர் ஓட்ட, நீங்கள் ஓரம், நடு, ஏர்கோன் வாய், தூண் மூடி (முன்கண்ணாடி ஓரத் தூணின் மேலுள்ள மூடி) என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள். சிலிகோன் ஸ்பிரே அடித்துத் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சில நாளில் சத்தம் திரும்பும். கிளிப் மாற்றி, உரசும் இடத்தில் துணி டேப் ஒட்டுவதுதான் சரியான வேலை.

மழைக்கு மறுநாள் காலையில் ரிவர்ஸ் எடுத்தால் பிரேக் கிறீச்சிடுகிறது. (பாலிக் புலாவ்)

டிஸ்க் மேல் ஒரே இரவில் படியும் மெல்லிய துரு. நாலைந்து பிரேக்கில் போய்விடும், விடுங்கள். நாள் முழுக்க இருந்தால் பேட் (டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டை) கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் பொதுவாகத் தேய்மானப் பொருள் என்று வாரண்டிக்கு வெளியே இருக்கும்.

வெளிக் கடையில் டேஷ்கேமும் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) ஸ்போர்ட் ரிம்மும் போட்டேன். வாரண்டி போய்விட்டதா? (ஜார்ஜ்டவுன்)

வாரண்டி புத்தகத்தில் "மாற்றியமைத்தல்" பகுதியைப் படியுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சத்தம் என்று வரும்போது அவர்கள் முதலில் கை காட்டுவது வெளியில் போட்ட பொருளைத்தான். எனவே பழைய ரிம்மை விற்காதீர்கள். அதை மாட்டியும் சத்தம் வந்தால் அந்த வாதம் அங்கேயே முடியும். தூணுக்குள் ஓடும் டேஷ்கேம் வயர் தட்டினால் அது அவர்கள் பொறுப்பாகாது.

வாரண்டி முடிய நாலு மாதம்தான். ஆறு முறை போயும் தீரவில்லை. இனி எங்கே போவது? (புக்கிட் மெர்தாஜாம்)

முதலில், ஆறு ஜாப் ஷீட்டின் பிரதியும் கையில் இருக்கிறதா? வாய்ச்சொல் செல்லாது. "நார்மல்" என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மாடல் டெமோ காரை அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதில் சத்தம் இல்லையென்றால் "எல்லாக் காரும் இப்படித்தான்" என்ற பதில் நிற்காது. பிறகு கார் நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல்: தேதிகள், கிலோமீட்டர், வீடியோ, பதிலுக்கு 14 நாள் கெடு. வாரண்டிக்குள் புகார் பதிவாகியிருப்பது முக்கியம், பின்னால் "இப்போதுதான் வந்தது" என்று சொல்ல முடியாது.

அப்படியும் அசையவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), கோரிக்கை 50,000 வெள்ளி வரை, பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள். பொதுவாக வக்கீல் வைத்து வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் சிறு குறைகளும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. இந்த உரிமையை நிறுவனத்தின் வாரண்டி புத்தகம் பறிக்க முடியாது. காகிதத்தை எப்படி அடுக்குவது என்று குழப்பமாக இருந்தால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

வீடியோ எப்படி எடுப்பது?

ஓட்டுபவர் எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். ரேடியோவும் ஏர்கோன் காற்றாடியும் அணைந்திருக்க வேண்டும், வேகமானி படத்தில் தெரிய வேண்டும், 20 விநாடி போதும். சத்தம் வரும் கணத்தில் "இப்போது" என்று வாயால் சொல்லுங்கள். அசல் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும்.