நன்றி எழுதினால் பொய் எழுதுவது போல் இருக்கிறது!

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். விடியற்காலையில் எழுந்து அவருக்கு உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். மாடி வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன். மதியம் அவர்தான் எட்டிப் பார்ப்பார். ராத்திரியும் எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கணவர் நல்லவர்தான், ஆனால் இதெல்லாம் என் வேலை என்று விட்டுவிட்டார். எதைப் பார்த்தாலும் எரிச்சல். மகனிடம் சும்மா சும்மா கத்துகிறேன். தோழி ஒருத்தி, "தினமும் நன்றி எழுது, வாழ்க்கையே மாறும்" என்றாள். நோட்டு போட்டு எழுதினேன். வீடு இருக்கிறது, மகன் படிக்கிறான், கை கால் நன்றாக இருக்கிறது... தினமும் இதேதான். இருப்பதை வைத்து சந்தோஷப்படத் தெரியாதவளா நான்?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இல்லவே இல்லை அம்மா. நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். அதை நன்றி கெட்டத்தனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. மாடி வீட்டு அக்கா. நோட்டில் எழுதியதைச் சொல்லும்போது வீடு வந்தது, மகன் வந்தான், அவர் வரவில்லை. வீடும் கை காலும் தினமும் இருப்பவை; மனசு அவற்றுக்குப் பழகிவிடும், எழுதினாலும் ஒன்றும் அசையாது. ஒருவர் தன் சமையலை நிறுத்திவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, உங்கள் மாமியாருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது அப்படியல்ல. அதை எழுதுங்கள். அவர் ஏன் இறங்கி வருகிறார் என்றும் ஒரு வரி எழுதுங்கள். 2005இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் கொடுத்த பயிற்சியும் இதுதான்: ஒரு வாரம், தினமும் இரவில் அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்கள், அவை ஏன் நடந்தன என்பதோடு. அந்த 'ஏன்' எழுத உட்கார்ந்தால்தான் பின்னால் ஒரு மனுஷர் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

தினமும் முடியவில்லையா? விடுங்கள். 2003இல் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒருமுறைதான் நன்றி எழுதினார்கள். பத்து வாரத்தில், தொல்லைகளை எழுதியவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் போதும். 'என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது உங்கள் வாயை நீங்களே அடைப்பது. கோபம் வந்த நாளில் கோபத்தையும் அதே பக்கத்தில் எழுதலாம், இரண்டும் உண்மைதானே.

அப்புறம், எழுதியதோடு நிறுத்த வேண்டாம். அக்காவிடம் நேரில் சொல்லுங்கள்: "நீங்க மதியம் பாத்துக்கறதாலதான்க்கா என்னால வேலைக்குப் போக முடியுது." இதைச் சொல்வதற்கு நமக்குக் கூச்சம். ஆனால் நோட்டைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கமில்லாத ராத்திரிக்கு நன்றி நோட்டு மருந்தாகாது. கணவரிடம் "கொஞ்சம் உதவுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், "செவ்வாய், வெள்ளி ராத்திரி அத்தையை நீங்க புரட்டிப் படுக்க வையுங்க" என்று நாள் குறித்துக் கேளுங்கள். எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் தலையணையை எங்கே வைப்பது என்று ஒருமுறை கூட நின்று காட்டிக் கொடுங்கள். அவருடைய அம்மாதான், பழகிக்கொள்வார்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட அன்றைக்கே பேசிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.