பெட்டியில் 6000, திரையில் 4800: ரேமின் உண்மையான வேகம் எது?

கேள்வி: ‘டிடிஆர்5-6000, சிஎல்30’ என்று அச்சிட்ட இரண்டு ரேம்களை வாங்கி மேசைக் கணினியில் பொருத்தினேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 4800 என்று காட்டுகிறது. வன்பொருளைச் சோதிக்கும் வேறொரு மென்பொருளோ 2400 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மூன்று எண்களுமே சரியாக இருக்கக்கூடும்.

முதலில் 2400-ஐப் பார்ப்போம். டிடிஆர் வகை ரேம், கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் தரவை அனுப்புகிறது. ஆகவே நொடிக்கு 240 கோடி துடிப்புகள் என்றால் 480 கோடி பரிமாற்றங்கள். ஒரு மென்பொருள் துடிப்பை எண்ணுகிறது, மற்றொன்று பரிமாற்றத்தை எண்ணுகிறது. பரிமாற்ற எண்ணுக்குப் பின்னால் மெகாஹெர்ட்ஸ் என்று போடும் தவறான வழக்கம் விற்பனையில் வேரூன்றிவிட்டதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

6000 ஏன் 4800 ஆனது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. முதன்முறை இயங்கும்போது மதர்போர்டு பாதுகாப்பான பொதுத்தர வேகத்தையே தேர்ந்தெடுக்கும். 6000-க்கான அமைப்பு ரேமிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிவாகியிருக்கும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சென்று இன்டெல் கணினிகளில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி கணினிகளில் எக்ஸ்போ என்ற பெயரிலுள்ள அமைப்பை நீங்களே இயக்க வேண்டும். அது உண்மையில் பொதுத்தரத்தை மீறிய வேகம், மின்னழுத்தமும் 1.1 வோல்ட்டிலிருந்து பல ரேம்களில் 1.35 வோல்ட் வரை உயரும். உங்கள் ப்ராசஸரும் மதர்போர்டும் அதைத் தாங்கினால்தான் 6000 கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் சொல்லாதது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். வாங்கும் முன்பே மதர்போர்டு நிறுவனம் தரும் பொருந்தும் ரேம்களின் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி சிஎல். ரேமின் மேல் ஒட்டிய சீட்டில் 30-38-38-96 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். முதல் எண்தான் சிஎல். தரவு கேட்டபின் எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதை 2000-ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் நானோநொடி கிடைக்கும். உங்கள் ரேமுக்கு அது 10 நானோநொடி. முந்தைய தலைமுறையான டிடிஆர்4-3200, சிஎல்16 ரேமுக்கும் அதே 10 தான்! ஒரு நொடியில் கொண்டுசெல்லும் தரவின் அளவு ஏறத்தாழ இரட்டித்திருக்கிறதே தவிர, காத்திருப்பு குறையவில்லை. அதே 6000 வேகத்தில் சிஎல்40 உள்ளதை வாங்கினால் காத்திருப்பு 13 நானோநொடியைத் தாண்டும். அதனால்தான் வேக எண்ணை மட்டும் வைத்து விலை பேசக் கூடாது.

கேள்வி: மடிக்கணினியில் டிடிஆர்4-2666 ரேம் ஒன்று இருக்கிறது. காலி இடத்தில் 3200 ரேமைச் சேர்த்தால் வேகம் கூடுமா?

பதில்: இரண்டும் 2666-இலேயே இயங்கும். இருந்தும் சேர்ப்பது வீண் அல்ல. பல மடிக்கணினிகளில் இரு ரேம்கள் இருந்தால் இரண்டு தடங்களில் தரவு செல்லும், கொள்ளளவும் கூடும். போதாத ரேம் உள்ள கணினி, பன்மடங்கு மெதுவான சேமிப்பகத்தை நாட வேண்டியிருப்பதால், வேக எண்ணைவிடக் கொள்ளளவுக்கே முதலில் பணம் செலவிடுங்கள். ஆனால் தவறிக்கூட டிடிஆர்5 ரேமை வாங்கிவிடாதீர்கள். அதன் விளிம்பிலுள்ள வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் பொருந்தவே பொருந்தாது.