வளவில் பழப்பாலைத் தோட்டம் போடலாமா?

கட்டைபறிச்சானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வளவு எல்லையில் இரண்டு பெரிய பாலை மரங்கள் நிற்கின்றன. பழத்துக்கு நல்ல கிராக்கி. அரை ஏக்கர் மேட்டுநிலத்தில் பாலை நட ஆசை. காயவைத்து எடுத்து வைத்த விதைகளைப் போன ஐப்பசியில் போட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. காட்டில் பிடுங்கி வந்த கன்றுகளும் பட்டுவிட்டன. எங்கே பிழை?"

காயவைத்ததுதான் பிழை. பாலை விதை நெல் மாதிரி அல்ல, ஈரம் போனால் உயிரும் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் தின்ற கையோடு சதையைக் கழுவி, இரண்டு மூன்று நாளுக்குள் மண்ணில் போட வேண்டும். ஓடு கடினம் என்பதால், முளை வரும் முனையைத் தொடாமல் ஒரு பக்கத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். உயரமான பொலித்தீன் பையில், நிழலில் போடுவது நல்லது. இந்த மரம் முதலில் ஆணிவேரைத்தான் இறக்கும், இலை பிறகுதான். காட்டுக் கன்று பட்டதற்கும் அதுவே காரணம்: பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்துவிடுகிறது. ஒதுக்குக்காட்டில் அனுமதியில்லாமல் பிடுங்குவது சட்டப்படி குற்றமும்கூட.

சரி, முளைத்துவிட்டது என்று வைப்போம். விதைக் கன்று காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். அப்போதும் தாய்மரத்தின் இனிப்பு வரும் என்று சொல்ல முடியாது. பாலைக்குப் பாலை பழம் மாறும். ஒன்று தேன், இன்னொன்று உதட்டை ஒட்டவைக்கும் பால். அதனால் நடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை, மரம் பார்ப்பது. உங்கள் இரண்டோடு நின்றுவிடாமல் அயலில் உள்ள மரங்களையும் பருவத்தில் தின்று பாருங்கள். பழம் பெரிதா, பால் குறைவா, வருடாவருடம் காய்க்கிறதா என்று கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கொட்டிவிட்டு அடுத்த வருடம் சும்மா நிற்கும் மரங்கள் உண்டு, ஆகவே ஒரே பருவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தியாவில் கிர்னி என்று சொல்வது இதே மரத்தைத்தான். குஜராத்தின் வேஜல்பூர் ஆய்வு நிலையம் நல்ல மரங்களைத் தேடித் தெரிந்தெடுத்து 'தார் ரிதுராஜ்' என்ற இனத்தைத் தந்தது.

தெரிந்தெடுத்த மரத்தின் குணம் அப்படியே வர ஒட்டுத்தான் வழி. பைக் கன்று பென்சில் தடிப்புக்கு வர இரண்டு மாரியாவது பொறுக்க வேண்டும். தாய்மரத்தில் அதே தடிப்புள்ள நுனிக்கிளையின் இலைகளை, காம்பு மட்டும் நிற்க நறுக்கிவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு வீங்கியதும் வெட்டி எடுங்கள். ஆப்பு வடிவில் சீவி, பிளந்த கன்றில் செருகி, பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே மெல்லிய பை மாட்டி நிழலில் வையுங்கள். பால் வடியும், துணியால் துடைத்துவிட்டு உடனே செருக வேண்டும், தாமதித்தால் பிடிக்காது. மாரி தொடங்கும் நேரத்தின் ஈரக்காற்று இதற்குத் தோது.

எல்லாக் கன்றையும் ஒரே மரத்திலிருந்து ஒட்டிவிடாதீர்கள். நாலைந்து மரங்களிலிருந்து எடுங்கள், வேலியோரம் சில விதைக் கன்றுகளும் நிற்கட்டும். பழத்துக்காகக் கிளையோடு வெட்டி இறக்கும் பழக்கத்தால் காட்டில் நல்ல மரங்கள் மொட்டையாகின்றன. மெதுவாக வளரும் மரம், போன கிளை திரும்ப வர வருடங்கள் ஆகும். கரடிக்கும் இந்தப் பழம் சாப்பாடு. உங்கள் மரத்திலாவது படங்கு விரித்துக் கிளையை உலுக்கி எடுங்கள்.

நடுகை ஐப்பசி, கார்த்திகையில், 30 அடிக்கு ஒன்று. முதல் இரண்டு கோடையும் கச்சான் காற்று இலையைக் கருக்கும், அப்போது தண்ணீர் வேண்டும். அதைவிடப் பெரிய எதிரி கட்டாக்காலி மாடு. வேலி போட வசதியில்லாவிட்டால் அந்த வருடம் நடாமல் விடுவதே மேல்.

பாலையின் வருமானத்துக்கு நீண்ட காலம் காத்திருக்க முடியாதென்றால் இன்னொரு வழி: பாலைக் கன்றில் சப்படில்லாவை (சப்போட்டா) ஒட்டலாம். இரண்டும் ஒரே பேரினத்து உறவு. வறட்சி தாங்கும் வேர் என்று இந்தியாவில் நாற்றுப்பண்ணைகள் காலங்காலமாகச் செய்வதுதான். நீங்கள் வளர்க்கும் பைக் கன்றுகளில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

கன்று வாங்கப் போனால் 'பாலை' என்று மட்டும் கேட்காதீர்கள். வெட்பாலையையும் ஏழிலைப்பாலையையும் கையில் தந்துவிடுவார்கள், அவை வேறு குடும்பம், தின்னும் பழம் தராதவை. பழப்பாலை என்று கேளுங்கள்.