ஆட்டுக்கண்ணில் ரொடாப்சின் பேண்ட் வரவில்லையா? முதலில் கொதிக்க வைப்பதை நிறுத்துங்கள்

ஊட்டியில் படிக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறார்: மார்க்கெட் கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக்கண்ணின் விழித்திரையை அரைத்து, ஒளியை உணரும் ரொடாப்சின் புரதத்தைத் தேடி, அதைப் பிடிக்கும் 1டி4 ஆன்டிபாடி போட்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) செய்தேன், ரொடாப்சின் நிற்கவேண்டிய 40 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கம் பேண்ட், அதாவது பட்டை, ஒன்றுமே இல்லை, ஜெல்லின் மேலே மட்டும் கறுப்பாக இழுவிக் கிடக்கிறது. ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டதா, புதிதாக வாங்கணுமா?

வாங்காதீர்கள். செகண்டரி (1டி4-ஐக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) மட்டும் போட்ட துண்டில் அந்தக் கறுப்பு இல்லையென்றால் உங்கள் ஆன்டிபாடி நன்றாகவே இருக்கிறது, ரொடாப்சின்தான் கட்டியாகிவிட்டது. இந்தப் புரதம் செல் சவ்வுக்குள் 7 முறை ஊடுருவிப் போவது, அந்தப் பகுதிகளெல்லாம் தண்ணீருக்கு ஒட்டாதவை, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஜெல்லுக்குள்ளேயே இறங்காது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடே இதற்கு அதிகம். சாம்பிள் பஃபரில் (ஜெல்லில் ஏற்றும் முன் புரதத்தைக் கலக்கும் கரைசல்) கலந்து 37 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள், போதும்.

பல புரோட்டோகாலில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருக்கும். அது சுமார் 20 முதல் 25 டிகிரி. ஜனவரியில் நம் லேப் மேசையில் அது எங்கே இருக்கிறது? குளிரில் சாம்பிள் பஃபரில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். நான் ஒரு டிசம்பரில் பாட்டிலின் அடியைப் பார்க்காமலே ஊற்றி மூன்று ஜெல் வீணாக்கியிருக்கிறேன். பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்துக் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகு எடுங்கள். ஆன்டிபாடியையும் மேசையில் ஒரு மணி நேரம் என்று விடாமல், 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டுங்கள்.

அப்புறம், 1டி4 பிடிப்பது மாட்டு ரொடாப்சினின் வால்நுனியில் இருக்கும் கடைசி 9 அமினோ அமிலங்களை, மனிதருக்கும் அதே 9 தான். ஆட்டின் வரிசையை யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், முடிந்தால் மாட்டு விழித்திரையையும் பக்கத்து லேனில் ஓட்டுங்கள், ரொடாப்சின் இல்லாத ஈரலை நெகட்டிவாக வைத்துக்கொள்ளலாம்.

இருட்டறை வேண்டுமா என்றும் கேட்டீர்கள். பிளாட்டுக்கு வேண்டாம், வெளிச்சம் பட்டு ரொடாப்சினோடு ஒட்டியிருக்கும் ரெட்டினால் (ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு) பிரிந்தாலும் அந்த வால் அங்கேயேதான் இருக்கும். 500 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுவதை அளக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மங்கிய சிவப்பு விளக்கு.

பேண்ட் வந்தால் கத்தி வெட்டின மாதிரி இருக்காது, சர்க்கரை ஒட்டியிருப்பதால் கொஞ்சம் அகலமாகத்தான் தெரியும், 80 கிலோடால்டன் பக்கம், இரண்டு ரொடாப்சின் சேர்ந்த இரட்டையும் வரலாம். அதே சாம்பிளில் பாதியைக் கொதிக்க வைத்து, பாதியை 37-இல் வைத்து, ஒரே ஜெல்லில் ஓட்டிப் படத்தை அனுப்புங்கள்.